மறு: ஐஷேடோ பாடம்: 'ஃபால்அவுட்'டுக்கு ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: ம.

குழுவினருக்கு வணக்கம். ஒப்பனைப் பயிற்சி மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். இமையில் பூசும் நிறத்தூளான ஐஷேடோவைப் பற்றி, 'நல்ல பவுடர் ஐஷேடோவை எப்படி அறிவது' என்ற பகுதியில் மாட்டிக்கொண்டேன்.

பூசும்போது இமையில் நிற்காமல் கன்னத்தில் கொட்டும் தூள் ஃபால்அவுட். பிரஷ் பட்டதும் டப்பாவுக்குள்ளேயே கிளம்பும் தூள் கிக்அப். முதல் தீற்றலிலேயே நிறம் எவ்வளவு தெரிகிறது என்பது பேஆஃப். இரண்டு நிறங்கள் சேரும் ஓரம் தெரியாமல் செய்வது பிளென்டிங். முதலாவதற்கு 'உதிர்வு' என்று போட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. மற்றவற்றுக்கு 'நிறத்தோற்றம்', 'கலத்தல்'. இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை.

அனுப்புநர்: இரா.

அம்மா, வேரை விட்டுவிட்டு இலையைப் பிடிக்கிறீர்கள். 'ஐஷேடோ'வை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதற்குத் தமிழ் தேடுவானேன்? கண்ணுக்கு இடுவதைக் குறள் 'எழுதுதல்' என்கிறது. 1127இல் 'கண்ணும் எழுதேம்'. 1285இல் 'எழுதுங்கால் கோல்காணாக் கண்'. ஆகவே பொருள் 'இமையெழுதுதூள்', பிரஷ் 'கோல்'.

பேஆஃபுக்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. மையுண்ட கண்ணை 'உண்கண்' என்றார்கள். வினைத்தொகை, மூன்று காலமும் அதற்குள் அடக்கம். இமை நிறத்தை உண்ணும் தன்மை 'நிறவுண்மை'. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மை' என்றால் கருமை, மேகம், ஆடு, குற்றம் என்று பல பொருள். இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். 'மழை'யையும் 'மயக்க'த்தையும் இதோடு வைத்துப் பார்த்தால்...

(மீதியைத் தனி இணைப்பாக அனுப்பியிருக்கிறேன்.)

அனுப்புநர்: ஒ.

ஐயா, 'நிறவுண்மை' என்று எழுதினால் என் மாணவிகள் நிறத்தின் சத்தியம் என்று படிப்பார்கள். கோல் என்றால் பென்சிலைத்தான் எடுப்பார்கள். குறளில் வருவது மை தீட்டும் கோல். மயிர்க்கற்றை வைத்த பிரஷ் அதுவல்லவே.

வகுப்பில் நான் சொல்வதை அப்படியே தருகிறேன். 'கொட்டுது', 'தூள் கிளம்புது', 'நிறம் ஏறுது', 'ஓரத்தை இழைச்சு விடு'. இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

அனுப்புநர்: க.

ஃபால்அவுட்டுக்கு 'வீழ்படிவு' எப்படி? விழுகிறது, படிகிறது. இரண்டும் வந்துவிடுகிறது.

அனுப்புநர்: வே.

வேண்டாம் தம்பி. பள்ளி வேதியியலில் வீழ்படிவு என்பது கரைசலிலிருந்து திண்மமாகப் பிரிந்து அடியில் சேர்வது. பிள்ளைகள் தேர்வில் எழுதும் சொல்லை இங்கே இழுத்து வந்தால் இரண்டு இடத்திலும் குழப்பம்தான்.

ம. அவர்களுக்கு: ஃபால்அவுட்டையும் கிக்அப்பையும் ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். காரணம் வேறு வேறு. டப்பாவில் அழுத்திக் கட்டியாக வரும் தூளில் டால்க்கோ மைக்காவோ நிரப்பு. அதோடு நிறமி. எல்லாவற்றையும் பிடித்து வைக்க மெக்னீசியம் ஸ்டியரேட், துத்தநாக ஸ்டியரேட், கொஞ்சம் எண்ணெய் அல்லது டைமெத்திகோன் என்ற சிலிக்கோன். இதைத் தட்டில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தம் குறைந்தால், அல்லது பிணைக்கும் பொருள் குறைந்தால், பிரஷ் பட்டதும் தூள் பொங்கும். அப்படிப் பொங்குகிற தூள் இமையில் நன்றாகவே ஒட்டக்கூடும். பிரஷ்ஷைத் தட்டிவிட்டுப் பூசினால் கன்னத்தில் அதிகம் விழாது. அழுத்தம் மிஞ்சினால் தூள் கல்லாகி, எவ்வளவு தேய்த்தாலும் நிறம் வராது.

கன்னத்தில் விழுவது பெரும்பாலும் ஒட்டும் திறனையும் துகளின் அளவையும் பொறுத்தது. மினுக்குத் துகள் 25 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருந்தால் பட்டுப்போன்ற மென்பளபளப்பு. 100ஐத் தாண்டினால் ஒவ்வொன்றும் தனியாகப் பளிச்சிடும். அதைப் பிடித்து வைப்பதும் கடினம். அதனால் 'தூள் பொங்குகிறது, ஆகவே மட்டமான சரக்கு' என்று மாணவர் முடிவு கட்டினால் அது பிழை. பாடம் சொல்ல வருவதே இந்த வேறுபாட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

அனுப்புநர்: ம.

ஆமாம் ஐயா, மூலத்திலும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் கன்னத்தில் விழுவது 'உதிர்வு', டப்பாவில் கிளம்புவது 'தூளெழுச்சி' என்று வைக்கலாமா?

அனுப்புநர்: க.

தூளெழுச்சி ஏதோ போராட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது.

அனுப்புநர்: இரா.

'கிளர்வு' என்க. கிளர்தல் மேலெழுதல்தான். பிளென்டிங்குக்கு 'விரவல்'. தொல்காப்பியத்தில் விரவுப்பெயர் என்பது இரு திணைக்கும் பொதுவாக நிற்கும் பெயர். இரு நிறத்துக்கும் பொதுவாக ஓரிடம் அமைவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? 'இழைத்தல்' தச்சன் வேலை.

அனுப்புநர்: ஒ.

மரத்தை இழைத்தால் மேடு பள்ளம் போகிறது. இங்கேயும் அதுதானே ஐயா வேலை? விரவல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இமையில் கை வைத்துக்கொண்டு 'விரவுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல தூளென்றால் இழைக்க இழைக்க ஓரம் மட்டும் மங்க வேண்டும். நடுவில் நிறம் அப்படியே நிற்க வேண்டும். மட்டமானது திட்டுத்திட்டாகும், அல்லது மொத்தமும் கலங்கிச் சேறாகும். மினுமினுப்பில்லாத கருநிறங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இன்னொன்று. விரலால் தொட்டுக் கையில் தீற்றிப் பார்த்து நிறம் எப்படி ஏறுகிறது என்று சொல்லக் கூடாது என்பதைப் பாடத்தில் சேர்த்துவிடுங்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே தூளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டிவிடும். காய்ந்த பிரஷ்ஷில் அதே தூள் பல்லிளிக்கும்.

அனுப்புநர்: வே.

பேஆஃபுக்கு 'நிறப்பிடிப்பு' என்று ஒருவர் எனக்குத் தனிமடல் எழுதியிருந்தார். பிடிப்பு என்றால் நெடுநேரம் நிற்பது என்று ஆகிவிடும். அது வேறு குணம். முதல் தீற்றலில் பளிச்சென்று தெரிந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மறைகிற தூளும் உண்டு. ஒ. சொன்ன 'நிறம் ஏறுது' என்பதிலிருந்து 'நிறவேற்றம்' என்றால் சரி. நீலத்துக்குப் போடும் அல்ட்ராமரைன் நிறவலிமை குறைந்தது. பழுப்புக்குப் போடும் இரும்பு ஆக்சைடுகள் அப்படியல்ல. ஒரே பெட்டியில் பழுப்புக்கு நல்ல நிறவேற்றம், நீலத்துக்கு இல்லை என்று வந்தால் தயாரித்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

அனுப்புநர்: ம.

இன்னும் ஒன்று விட்டுப்போனது. பிரஷ்ஷிலும் விரலிலும் இருக்கும் எண்ணெய் இறங்கி மேற்பரப்பு இறுகி, தூளே வராமல் போவதை ஹார்ட்பேன் என்கிறார்கள். ஒட்டுநாடா வைத்து அந்த மேல் அடுக்கை உரித்தெடுக்கலாம் என்று வழியும் சொல்கிறார்கள்.

அனுப்புநர்: ஒ.

பொருக்கு.

அனுப்புநர்: வே.

பொருக்குதான். சந்தேகமே வேண்டாம்.

அனுப்புநர்: இரா.

ஏற்கிறேன்.

அனுப்புநர்: ம.

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. உதிர்வு, கிளர்வு, நிறவேற்றம், இழைத்தல், பொருக்கு என்று அனுப்புகிறேன். 'விரவல்' சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக வரும். மைக்காவுக்குக் 'காக்காய்ப்பொன்' போட ஆசைதான். ஆனால் மூலப்பொருள் பட்டியலைப் படிப்பவருக்கு டப்பாவில் மைக்கா என்றுதான் இருக்கும். ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அனுப்புநர்: இரா.

இழைத்தலுக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நூலின் தலைப்பில் 'ஐஷேடோ' நிற்பதையும் நான் ஏற்கவில்லை. 'கண்நிழல்' என்று சொன்னால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்று சிரிக்கிறீர்கள். பழைய தமிழில் நிழலுக்கு ஒளி என்றும் பொருள் உண்டு. மினுக்கும் தூளுக்கும் மினுக்காத தூளுக்கும் ஒருசேரப் பொருந்துகிற சொல் அது. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.