பூஸ்ட்: தமிழில் என்ன போடலாம்? (வியாழனுக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த வாரம் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. அறிவியல் செய்தியையும் உலகச் செய்தியையும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் எப்படிப் பகிர்வது என்பதுதான் பாடம். கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்களையெல்லாம் ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன், அடுத்தவர் பதிவை நம்மைப் பின்தொடர்கிறவர்களுக்குக் காட்டுகிற பூஸ்ட் பொத்தான் மட்டும் இடிக்கிறது. "பகிர்" என்று போடலாம் என்றால் செயலியில் அந்தப் பெயரில் வேறொரு பொத்தான் இருக்கிறது, அது இணைப்பை வாட்ஸப்புக்கு அனுப்புவதற்கு. அப்படியே பூஸ்ட் என்று எழுதினால் பசங்க பாலில் கலக்கிக் குடிப்பார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், மற்ற தளங்களில் இதயத்தை அழுத்தினாலே அல்காரிதம் நாலு பேருக்குக் காட்டிவிடும். இங்கே நட்சத்திரத்தை அழுத்தினால் எழுதியவருக்குத் தகவல் போகும், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ஓடையில் அந்தப் பதிவு வராது. பூஸ்ட் செய்தால்தான் வரும். இது புரியாமல் எல்லோரும் நட்சத்திரமாகக் குத்திவிட்டு "நம் செய்தியை யாருமே பார்ப்பதில்லை" என்கிறார்கள்.

ந.

———

ந.,

"மறுபகிர்வு" என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள். ட்விட்டர் காலத்திலிருந்தே மறுட்வீட், மறுபதிவு என்று பழகிய காதுகள். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

ம.

———

தம்பி ம. அவசரப்படுகிறார்.

பகு என்பது வேர். பகுதி, பகுப்பு, பங்கு, பாத்தூண் எல்லாம் அந்தக் குடும்பம். பகலும் பகையும்கூட அங்கிருந்து கிளைத்தவை என்பது என் கட்சி. பகிர்ந்தால் பொருள் பிரிய வேண்டும், உம்மிடம் இருப்பது குறைய வேண்டும். சோற்றைப் பகிரலாம், சொத்தைப் பகிரலாம். செய்தி எப்படிக் குறையும்? "பகிர்" என்று முதலில் வைத்ததே பிழை, அதன்மேல் மாடி கட்டச் சொல்கிறீர்கள்.

அடுத்தது "மறு". மறுபகிர்வை வினைத்தொகையாக விரித்துப் பாருங்கள்: மறுத்த பகிர்வு, மறுக்கின்ற பகிர்வு, மறுக்கும் பகிர்வு. நீர் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! "உந்து" என்று வையுங்கள். மூன்றெழுத்து வேர், தூய தமிழ், பொத்தானிலும் அடங்கும்.

தி.

———

தி. ஐயாவுக்கு,

மறுபிறவி, மறுவாழ்வு, மறுகூட்டல் என்று நாடே சொல்கிறது, அதையெல்லாம் யாரும் வினைத்தொகையாக விரித்துப் பார்ப்பதில்லை. மறுகூட்டலுக்குப் பணம் கட்டுகிற மாணவன் "மறுத்த கூட்டல்" என்றா நினைக்கிறான்?

ம.

———

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து.

இயற்பியல் படிப்பிக்கிறவள் என்பதால் "உந்து" எனக்கு ஒத்துவராது. உந்தம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் திணிவு பெருக்கல் வேகம். "முடுக்கு" என்று யாராவது தொடங்குவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல், அந்தச் சண்டையே இன்னும் தீரவில்லை. அறிவியல் செய்தி பரிமாறுகிற இடத்தில் அறிவியல் சொல்லையே பொத்தானுக்கு வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். மாஸ்டடானின் வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று பேசுகிற ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தது. அதில் இந்தச் செயலின் பெயர் பூஸ்ட் அல்ல, "அனௌன்ஸ்". அதாவது நான் பதிவைப் படியெடுத்து என் பெயரில் போடுவதில்லை. "அங்கே இப்படி ஒன்று இருக்கிறது" என்று என் வழங்கி மற்ற வழங்கிகளுக்குச் சொல்கிறது, அவை மூலத்தைப் போய் எடுத்துவருகின்றன. கையிலிருந்து கைக்குப் போவது. எங்கள் விளையாட்டுப் போட்டியில் இதற்குப் பெயர் அஞ்சல் ஓட்டம். வானொலியிலும் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் எடுத்து ஒலிபரப்பினால் அஞ்சல் செய்தல். ஆகவே "அஞ்சல்".

க.

———

க. அக்கா, விளக்கம் அருமை. அனௌன்ஸ் என்பதை நேராக "அறிவி" என்று போட முடியாது, ஏனென்றால் மேலே மணி போட்டிருக்கிற இடத்துக்கு "அறிவிப்புகள்" என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். அஞ்சலிலும் வில்லங்கம் உண்டு. பதிவுகளை மொத்தமாக வாங்கிப் பல வழங்கிகளுக்குத் திருப்பி அனுப்புகிற ரிலே என்ற தனிச் சங்கதி இந்த உலகத்தில் இருக்கிறது, அதற்குத்தான் "அஞ்சல்" பொருந்தும். அப்புறம் "அஞ்சல்" என்ற பொத்தானைப் பார்த்தால் எங்கள் ஊரில் மின்னஞ்சல் என்றுதான் நினைப்பார்கள்.

ம.

———

அஞ்சல் என்பதற்குக் கிரேக்க வேர் சொல்வோர் உண்டு, "ஆங்கெலோஸ்", தூதன். பழைய திருவிதாங்கூர் அரசில் தபாலுக்கு அஞ்சல் என்றே பெயர் இருந்தது. நான் அதை ஏற்கவில்லை. நம் இலக்கணப்படி பார்த்தால் அஞ்சல் என்றால் "அஞ்சாதே". அல் ஈற்று எதிர்மறை. அதே அல் உடன்பாட்டிலும் வரும், "மகன்எனல் மக்கட் பதடி எனல்" என்று வள்ளுவர் ஒரே குறளில் இரண்டையும் வைத்து விளையாடியிருக்கிறார், முதல் எனல் "சொல்லாதே", அடுத்த எனல் "சொல்".

அந்தக் குறளின் முதலடியைக் கவனியுங்கள். "பயனில்சொல் பாராட்டு வானை". இங்கே பாராட்டு என்பது புகழ்தல் அன்று. பரிமேலழகர் "பலகாலும் சொல்லுவானை" என்கிறார். ஒரு சொல்லை எடுத்து மேலும் மேலும் சொல்லிப் பெருக்குதல்! நீங்கள் தேடுகிற பூஸ்ட் 196ஆம் குறளில் உட்கார்ந்திருக்கிறது. "பாராட்டு" என்று வையுங்கள்.

இன்னொன்று. மாஸ்டடான் என்ற பெயரையும் தமிழாக்க வேண்டாமா? கிரேக்கத்தில் அதற்கு "முலைப்பல்" என்று பொருள், அந்தப் பண்டை யானையின் கடைவாய்ப் பல்லில் இருக்கும் மேடுகளைப் பார்த்து வைத்தது.

தி.

———

ஐயா, கல்லூரியில் கொடுக்கிற கையேடு. அந்தப் பெயர் வேண்டாம்.

ந.

———

நான் நாளிதழில் அறிவியல் பக்கம் பார்க்கிறவள், பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், "பாராட்டு" வந்ததும் முடியவில்லை.

தி. ஐயா காட்டிய பொருள் அழகுதான், ஆனால் இன்று அந்தச் சொல்லுக்கு அது பொருள் இல்லை. ஒரு போர்ச் செய்தியை, நிலநடுக்கச் செய்தியை "பாராட்டு" என்று பொத்தானில் எழுதி அழுத்தச் சொல்ல முடியுமா? "உங்கள் பதிவை 12 பேர் பாராட்டினர்", பதிவில் இருப்பதோ இறந்தவர் எண்ணிக்கை. "வழிமொழி" என்று எனக்குத் தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார், அதற்கும் இதே கோளாறுதான். தீர்மானத்தை வழிமொழிந்தால் நான் அதற்கு உடன்படுகிறேன் என்று பொருள். "பூஸ்ட் என்றால் உடன்பாடு அல்ல" என்று முகப்புக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். "பரப்பு" என்றாலோ வதந்தி, நோய், இரண்டும்தான் நினைவுக்கு வரும்.

க. அக்கா சொன்ன மூலம், படி என்ற வேறுபாட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் நினைவிருக்கும். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோத 3.1 விழுக்காடு வாய்ப்பு என்று 18ஆம் தேதி நாசா கணக்கு வந்தது. இரண்டே நாளில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, அந்த மாதம் முடிவதற்குள் கவலைப்பட ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. எண்ணைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் போட்டவர்களின் பதிவில் 3.1 அப்படியே கிடந்தது. ஆனால் மாஸ்டடானில் மூலப் பதிவை எழுதியவர் திருத்தினால், பூஸ்ட் செய்த எல்லோருக்கும் தகவல் போகிறது, அவர்கள் ஓடையில் இருப்பதும் திருத்திய பதிவுதான். செய்தி போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது? "மறுபகிர்வு" என்றால் வாட்ஸப் ஃபார்வேர்டு மாதிரி இன்னொரு படி என்றுதான் பசங்க நினைப்பார்கள். எனக்குக் கேட்டால் பூஸ்ட் என்றே விடுங்கள். "வடவெழுத்து ஒரீஇ" (வடவெழுத்தை நீக்கிச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்) என்று தொல்காப்பியரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார், பஸ்ஸும் பேனாவும் வந்த வழியில் இதுவும் வரட்டும்.

ச.

———

> "வடவெழுத்து ஒரீஇ"

அவர் வடசொல்லுக்குச் சொன்னது. ஆங்கிலத்துக்கும் அதை நீட்டுவதானால் எழுத்தை நீக்கி எழுதுங்கள், "பூசுட்டு" என்று. எழுதுவீர்களா? மாட்டீர்கள். கதவு திறந்திருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறீர்கள்.

தி.

———

"பரப்பு" பற்றி ஒரு சொல். எங்களுக்கு அது காணி அளக்கிற அலகு. "உங்கள் பதிவை மூன்று பரப்பு" என்று வந்தால் எல்லைக்கல் எங்கே என்று கேட்போம். :-)

வழங்கி, சேவையகம் என்ற பழைய வழக்கையும் இந்த இழையில் யாரும் கிளப்பாமல் இருந்ததற்கு நன்றி.

க.

———

வழங்கிதான் சரி. சேவையகம் என்றால் ஆதார் அட்டை எடுக்கிற இடம்.

ம.

———

அச்சகத்தில் கேட்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன்.

கடைசியில் "மறுபகிர்வு" பக்கமே சாய்கிறேன். முழு மனதோடு இல்லை, வேறு வழியில்லாமல்தான். கையேட்டில் முதலில் வருகிற இடத்தில் "மறுபகிர்வு, அதாவது பூஸ்ட்" என்றும், பிறகு மறுபகிர்வு என்றும் போகிறது. ச. சொன்ன சிறுகோள் கதையை அதே பக்கத்தில் கட்டம் கட்டிச் சேர்த்திருக்கிறேன், மூலம் திருந்தினால் மறுபகிர்ந்ததும் திருந்தும் என்று. சொல் சொல்லாததைக் கட்டம் சொல்லட்டும். முலைப்பல் சேரவில்லை.

ந.

———

சரி, அச்சிடுங்கள். என் வகுப்பில் நான் அஞ்சல் என்றே சொல்லப் போகிறேன். பிள்ளைகள் ஓட்டப் போட்டியில் கோல் மாற்றுவதைச் சொன்னால் மறுவிளக்கம் தேவைப்படாது.

க.

———

"மறுவிளக்கம்". மறுத்த விளக்கமா, மறுக்கும் விளக்கமா?

தி.