முகாமில் மனநலம் பற்றிப் பேசினால் யாரும் வாய் திறப்பதில்லை

கேள்வி:
படைமுகாம்களில் மனநலம் பற்றிப் பேசும் சுகாதாரப் பணியாளர் நான். வீரர்கள் வரிசையாக உட்காருகிறார்கள், தலையாட்டுகிறார்கள், கலைந்து போகிறார்கள். எப்படிப் பேச வைப்பது?

ஓய்வுபெற்ற வீரர்:
முன்வரிசையில் அதிகாரி இருந்தாரா? பிறகு யார் பேசுவார்? பதவி உயர்வு போய்விடும், ஆயுதத்தை வாங்கி வைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. எது ரகசியமாக இருக்கும், எதை மேலே சொல்லியே ஆகவேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், ‘மனநோய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். தூக்கத்தில் ஆரம்பியுங்கள். தூக்கம் வரவில்லை என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. இதெல்லாம் புதிதும் இல்லை: முதல் உலகப்போரில் வீரர்களுக்கு வந்த மன அதிர்ச்சியான ‘ஷெல் ஷாக்’ பற்றி சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது 1915இல்!

ஒரு வீரரின் மனைவி:
எங்களையும் கூப்பிடுங்கள் சார். கதவு அடித்தால் அவர் துள்ளி எழுவதை முதலில் பார்த்தது நான்தான். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கேட்டவர்:
சரி, அடுத்த முறை குடும்பங்களுக்குத் தனிக் கூட்டம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கலாமா?

மனநலச் செவிலியர்:
கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. ‘உண்டு’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், ஆயுதம் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.