பிரிஸ்டலில் கடல் எங்கே?

வழிப்போக்கன்:
போன மாதம் இங்கிலாந்தில் பிரிஸ்டல் போயிருந்தேன். துறைமுக நகரம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள், கடலையே காணோம். ஏவன் ஆறு ஒரு பக்கம் வெறும் சேறாகக் கிடக்கிறது, ஊர் நடுவே மட்டும் குளம் மாதிரி அசையாத தண்ணீர். கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் ஊருக்குக் கப்பல் எப்படி வந்தது?

சேற்றுநண்டு:
அந்தச் சேறுதான் கதையே. அங்கே ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது) 12 மீட்டருக்கு மேல்கூட ஏறும். நீர் ஏறும்போது அதோடு சேர்ந்து கப்பலும் ஊருக்குள் வந்துவிடும், சிக்கல் வற்றும்போதுதான்: கப்பல் சேற்றில் சாய்ந்து உட்காரும், சரக்கு உருளும், கட்டை பலமில்லாவிட்டால் அடிப்பாகமே விட்டுப்போகும். 1809இல் வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர் பழைய ஆற்றை மதகு வைத்து அடைத்து, ஆற்றுக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார். அடைபட்ட அந்தப் பழைய ஆறுதான் நீங்கள் பார்த்த குளம். பெயர் மிதக்கும் துறைமுகம், மிதப்பதென்னவோ கப்பல்கள்தான்.

அப்புறம் அந்த மதகே வினையானது. பொறியாளர் புருனேல் கட்டிய எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற நீராவிக் கப்பல் 1843இல் தண்ணீரில் இறங்கியது, மதகைத் தாண்ட முடியாத அகலம், ஒரு வருடத்துக்கு மேல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. கடைசியில் நியூயார்க்குக்கு முதல் பயணம் போனது லிவர்பூலிலிருந்து! 1970இல் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து துருப்பிடித்த கூடாகக் கொண்டுவந்து, கட்டிய அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

உப்புக்காற்று:
மதகெல்லாம் சரி, கப்பலில் என்ன ஏற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லையே. 18ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் கப்பல்கள் ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கி அடைத்துக்கொண்டு கரீபியனில் விற்று, சர்க்கரையோடு திரும்பின. அடிமை வணிகத்தில் பணம் பண்ணிய எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இல் சிலை வைத்தார்கள். 2020இல் மக்கள் அதைக் கயிறு கட்டி இழுத்து, உருட்டிக்கொண்டு போய், நீங்கள் சொல்கிற அந்தக் குளத்தில்தான் தள்ளினார்கள். இப்போது எம் ஷெட் அருங்காட்சியகத்தில் பெயின்ட் கறையோடு படுத்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே பீரோ பாலம் (நம் வீட்டு பீரோ இல்லை). கரீபியனிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பீரோ ஜோன்ஸ் என்பவரின் பெயர் அது. அதன் மேல் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள், பெயரைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வழிப்போக்கன்:
எடுத்தேன், கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கார்ன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடிகாரத்துக்கு நிமிட முள் இரண்டு இருந்ததே, பழுதா?

சேற்றுநண்டு:
பழுதில்லை. பிரிஸ்டலில் சூரியன் உச்சிக்கு வருவது லண்டனுக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான், அந்த நேரத்துக்கு ஒரு முள், ரயில் வந்தபின் லண்டன் நேரத்துக்கு இன்னொன்று. ஊர் அதிகாரபூர்வமாக லண்டன் நேரத்துக்கு மாறியது 1852இல்தான்.