விமானப்படைக் கோட்டில் பித்தளைப் பொத்தான்கள் களிம்பேறுகின்றன

வணக்கம். தாத்தாவின் போர்க்கால விமானப்படைக் கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கிறது. சாம்பல் நீலக் கம்பளித் துணி. பொத்தான்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டி, துணியில் இறங்கி வளையம் வளையமாகக் கறை பிடித்துவிட்டது, இடது கைமடிப்பில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகள் வேறு.

கூடவே இருக்கும் சம்பளப் புத்தகத்தில் ‘ராயல் இந்திய விமானப்படை’ என்றிருக்கிறது. ‘ராயல்’ பட்டம் 1945 மார்ச்சில் வந்து 1950 ஜனவரியில் போய்விட்டதால் காலம் ஓரளவு தெளிவு. அதே பெட்டியில் டாடா ஏர்லைன்ஸ் கால அட்டவணை ஒன்றும் இருக்கிறது, 1946-ல் ஏர் இந்தியா என்று பெயர் மாறுவதற்கு முன் அச்சிட்டது, நல்லவேளை அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வீடு திருவான்மியூரில், கடலுக்கு மிக அருகில். பெட்டி பிளைவுட், முன்பக்கம் மட்டும் கண்ணாடி. போன மழைக்காலத்தில்தான் களிம்பு தொடங்கியது.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து அடிக்கடி மாற்றுகிறேன், களிம்பு குறையவில்லை. பூச்சிக்காகக் கோட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன், அப்புறம் புது ஓட்டை விழவில்லை. பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் களிம்பு உதிர்கிறது, சில வாரத்தில் திரும்ப வருகிறது. பித்தளை பாலிஷ் துணியில் இறங்கிவிடும் என்று தொடவே இல்லை.

பழைய தையல் நூலைப் பிரித்துப் பொத்தான்களைக் கழற்றாமல், இந்தக் களிம்பை நிறுத்த என்ன வழி?