போட்டவுடன் சேனல் மட்டும் வருகிற டிவி கிடைக்குமா?

சாட்ஸ்வர்த் பேத்தி:
வணக்கம், டர்பன் பக்கம் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பழைய டிவி போனதும் ஸ்மார்ட் டிவி வாங்கினோம், அன்றிலிருந்து நிம்மதி இல்லை. போட்டால் டிஎஸ்டிவி (நம் டிஷ் சேனல்கள்) வராது, முதலில் ஒரு முகப்புத் திரை, அதில் பாதி விளம்பரம். ரிமோட்டில் வால்யூமுக்குக் கீழேயே ஸ்ட்ரீமிங் கம்பெனிப் பெயர் போட்ட பொத்தான்கள். கை நடுங்குகிறவருக்கு விரல் அங்கேதான் போகும், உடனே பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும், வேலையில் இருக்கும் எனக்குப் போன் வரும். கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். டிவி எழுந்து வருவதற்குள் அவர் நாலு பொத்தானை அழுத்திவிடுவார். எந்தப் பொத்தான் எதற்கு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன், ஒரு அப்டேட் வந்து மெனுவையே இடம் மாற்றிவிட்டது. 43 இஞ்சில் வெறும் திரை கிடைக்குமா? மானிட்டர் வாங்கினால் போதுமா?

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
தங்கச்சி, காசு செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், வைஃபை கேட்கும்போது கொடுக்காமல் தாண்டிவிடுங்கள். கூகுள் டிவியாக இருந்தால் ஆரம்பத்திலேயே ‘பேசிக் டிவி’ என்று ஒரு வழி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் ஆப் தொல்லையே இல்லை. நெட் இல்லாவிட்டால் புது விளம்பரமும் இறங்காது, அப்டேட்டும் வராது. அப்புறம் செட்டிங்ஸில், போட்டவுடன் கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகும்படி வைக்க முடிகிறதா என்று தேடுங்கள், பல டிவிகளில் உண்டு. எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய சாமான்கள் ஒன்றையொன்று இயக்க விடும் எச்டிஎம்ஐ-சிஇசியையும் ஆன் செய்யுங்கள். டிகோடர், அதாவது டிஎஸ்டிவி பெட்டி, அதற்கு ஒத்துழைத்தால், அதைப் போட்டதுமே டிவியும் விழித்து அந்த இன்புட்டுக்கு வந்துவிடும். டிவி ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு ஆயா கையில் டிகோடர் ரிமோட்டை மட்டும் கொடுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
நெட்டைப் பிடுங்கச் சொன்னது ரொம்பச் சரி, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த டிவிகளில் ஏசிஆர் என்று ஒன்று உண்டு, திரையில் ஓடும் படத்தின் துணுக்குகளை எடுத்து அனுப்பி, என்ன பார்க்கிறோம் என்று கண்டுபிடிப்பது. ஆப்பில் பார்ப்பதை மட்டுமல்ல, டிகோடர் வழியாக வருவதையும் அதனால் பிடிக்க முடியும். அமெரிக்காவில் விசியோ கம்பெனி 1.1 கோடி டிவிகளில் மக்களைச் சரியாகக் கேட்காமலே இப்படிச் சேகரித்தது என்று வழக்குப் போட்டு, 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட வைத்தார்கள். எல்ஜியில் இதற்கு ‘லைவ் பிளஸ்’ என்று பெயர். நெட் கொடுத்தே ஆக வேண்டியவர்கள் அதையாவது அணைத்து வையுங்கள். காசு கொடுத்து வாங்கி நம் வீட்டுக் கூடத்தில் வைத்த சாமான் நம்மையே வேவு பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

லெனேசியா தம்பி:
மானிட்டர் பற்றிக் கேட்டீர்களே. டிகோடரில் எச்டிஎம்ஐ இருந்தால் மானிட்டரில் படம் வரும், ஆனால் சத்தம்தான் பிரச்சினை. பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது, இருந்தாலும் காது மந்தமானவருக்குப் போதாது. ஹெட்ஃபோன் துளை உள்ளதாக வாங்கி வெளியே ஸ்பீக்கர் போடுங்கள். 4கே டிகோடர் என்றால் மானிட்டரில் எச்டிசிபி 2.2 (படத்தைக் காப்பி எடுக்காமல் காக்கும் பூட்டு முறை) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் திரை கறுப்பாக நிற்கலாம். கடைகளிலும் ஏர்போர்ட்டிலும் தொங்கும் கமர்ஷியல் டிஸ்ப்ளேயும் நல்லதுதான், நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது, ஆனால் அதே அளவு டிவியைவிட விலை கூட. இன்னொன்று, மானிட்டர் என்றால் வருஷா வருஷம் கட்டும் டிவி லைசன்ஸ் 265 ராண்ட் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டிகோடரை மாட்டிவிட்டால் அதுவும் டிவி கணக்குத்தான்.

சாட்ஸ்வர்த் பேத்தி:
எல்லாருக்கும் நன்றி. முதலில் ரீசெட் செய்து பார்க்கிறேன். வைஃபையை எடுத்துவிட்டால் டிகோடரில் கேட்ச்-அப் வருமா? ஆயா தூங்கிப்போய் விட்ட சீரியலை மறுநாள் அதில்தான் பார்ப்பார்.

ஃபீனிக்ஸ் வயர்மேன்:
அதற்கும் டிவிக்கும் சம்பந்தம் இல்லை. நெட் தேவைப்பட்டால் டிகோடருக்குத் தனியாகக் கொடுங்கள், டிவிக்கு வேண்டாம். ரீசெட்டுக்கு முன்னால் இப்போதைய பிக்சர் செட்டிங்ஸை மட்டும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் அழிந்துவிடும்.