ரிக் வண்டித் தோழரின் காய்ச்சலும் கொரங்காட்டுச் சிலந்திப்பேனும்

திருச்செங்கோட்டு உறுப்பினர்:

ஸ்க்ரப் டைபஸ் என்பது சிலந்திப்பேன் என்னும் மிகச் சிறிய உயிரின் இளம்புழு கடிப்பதால் வரும் பாக்டீரியாக் காய்ச்சல். அதன் தடயம் முதல் சில நாட்களில் இரத்தத்தைவிடத் தோலில் கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தத் தோலையும் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கி, வேட்டி மறைக்கும் இடம்வரை தேட வேண்டும். விலங்கியல் படித்தவனாக இருந்தும் இதைப் புத்தகத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். நான் மேனேஜராக இருக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரில்லர் அண்ணன் காய்ச்சலில் விழுந்தபோதுதான் நேரில் பார்த்தேன்.

கார்த்திகையில் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு கொரங்காட்டில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில், எங்களுக்குப் பாயிண்ட் (துளை போடும் இடம்) கிடைத்திருந்தது. ஐப்பசி மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் முழங்கால் அளவு நின்றது; ஆயிரம் அடியைத் தாண்டியும் தூசிதான் வந்தது. துளையிடும் ஹேமர் இரவெல்லாம் ஓட, வேலை முறை இல்லாதவர்கள் கிளுவை வேலி ஓரமாகத் தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேறு மாவட்டத்தில் அடுத்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்குக் குளிரும் கடும் தலைவலியும் தொடங்கின. கடிபட்டதற்கும் காய்ச்சலுக்கும் இடையே பொதுவாக 6 முதல் 21 நாட்கள் இருப்பதால், எங்களைப் போல் ஊர் ஊராகப் போகிறவர்கள் நோயைப் பிடித்த இடத்தை விட்டு வெகுதூரம் வந்த பிறகே படுக்கிறார்கள். மருத்துவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முந்தைய மூன்று வாரங்களில் எங்கெல்லாம் படுத்தோம் என்பதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் பார்த்த இடத்தில் டெங்குப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது; ஆனால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. ஊசி போட்டும் காய்ச்சல் தணியவில்லை, மூச்சு வாங்கத் தொடங்கியது. மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் எந்த ரிப்போர்ட்டையும் பார்ப்பதற்கு முன் திரையை இழுத்துவிட்டு உடைகளைக் களையச் சொன்னார். இடது அக்குளின் மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல, நடுவே கறுத்து விளிம்பு சிவந்த சிறு பொருக்கு இருந்தது. "அட, அது வேர்வைக் கொப்புளந்தான் சாமி, வலியே இல்லையே" என்றார் அண்ணன். வலியும் நமைச்சலும் இல்லாததுதான் அதன் அடையாளம் என்று மருத்துவர் சொல்லிவிட்டு, அன்றே டாக்சிசைக்ளினைத் தொடங்கினார். இரத்தப் பரிசோதனை முடிவுக்காக அவர் காத்திருக்கவில்லை.

அந்தப் பொருக்கை உண்டாக்கும் உயிரை எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் தேறத் தொடங்கியதும், கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கும் நண்பரோடு அதே கொரங்காட்டுக்குப் போனேன். கறுப்பு அட்டைகளைப் புல் நடுவே செங்குத்தாக ஊன்றிக் காத்திருப்பதே இதற்கான எளிய முறை. விருந்துண்ண ஆள் வந்ததென்று எண்ணி இளம்புழுக்கள் ஏறி அட்டையின் மேல்விளிம்பில் கூடும். திறந்த புல்வெளியில் வைத்த அட்டைகளில் எதுவும் இல்லை. வேலியடியில், எலி வளைக்குப் பக்கத்தில் வைத்ததில் மட்டும் வெளிறிய ஆரஞ்சுப் புள்ளிகள் ஊர்ந்தன. அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். தெரிந்து தேடாதவருக்கு அவை மண் துகள்தான்.

மாட்டு உண்ணியைப் பிடுங்கிப் பழகிய நம் ஊர்க்காரர்கள் இதை உண்ணியாகவே நினைக்கிறார்கள். பொள்ளாச்சித் தென்னைகளைப் பாடாய்ப்படுத்திய ஈரியோபைட் சிலந்தியும் இதுவும் தூரத்துச் சொந்தம். ஆனால் வாழும் முறை வேறு. நுண்ணோக்கியின் கீழ் ஆறு கால்களையும், உடலெங்கும் இறகு போன்ற மயிர்களையும், முதுகில் ஏறக்குறையச் செவ்வகமான ஒரு தகட்டையும் கண்டோம். இந்தத் தகட்டின் வடிவத்தையும் அதில் நிற்கும் உணர்மயிர்களையும் வைத்தே இனம் பிரிப்பார்கள். இந்தியாவில் முக்கியமாகச் சொல்லப்படுவது லெப்டோட்ரோம்பிடியம் டெலியன்ஸ். எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதற்கு மேல் நண்பர் எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார், அதுவே சரி.

வளர்ந்த சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால்கள். அது மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், மனிதரைத் தொடாது. கடிப்பது ஆறுகால் இளம்புழு மட்டுமே, அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. அது இரத்தம் குடிப்பதில்லை, தோலுக்குள் புகுவதும் இல்லை. மெல்லிய தோலில் வாயுறுப்பைப் பதித்து உமிழ்நீரைச் செலுத்தும். அது பட்ட திசு கரைய, சுற்றியுள்ள திசு இறுகி ஒரு நுண்குழாயாகிவிடும். அதன் வழியே கரைசலை உறிஞ்சும். எலியின் காதுக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சில நாட்கள் உண்பதுதான் அதன் வழக்கம், நாம் இடையில் போய்ப் படுத்தவர்கள்.

ஒரே முறை உண்ணும் பிராணி ஒருவரிடம் வாங்கிய கிருமியை இன்னொருவருக்குக் கொடுப்பது எப்படி? இங்கேதான் எனக்கு வியப்பு மிகுந்தது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் அந்த பாக்டீரியா தாயிடமிருந்து முட்டைக்குள் போய்விடுகிறது. புழு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. ஆகவே சிலந்திப்பேனே கிருமியின் தங்குமிடம், அதுவே கடத்தியும்கூட. ஒரு வேலியடி ஆபத்தாகவும் பத்தடி தள்ளிய இடம் ஒன்றுமில்லாததாகவும் இருப்பதற்கு, புழுக்கள் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராததும் ஒரு காரணம்.

மனித உடலில் இந்தக் கிருமி உயிரணுக்களுக்கு உள்ளேதான் பெருகும். உயிரணு விழுங்கும்போது தன்னை மூடிய பையை உடைத்துக்கொண்டு வெளியேறி, அங்குள்ள நுண்குழல்களின் வழியே உட்கருவை நோக்கி நகர்ந்து பெருகி, பின்பு அந்த உயிரணுவின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளிவருகிறது. ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் சாதாரணத் தட்டுகளில் இதை வளர்க்க முடியாது. பென்சிலின் குடும்பத்து ஊசிகள் இதனிடம் பலிப்பதில்லை. இரத்தக் குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்றுக் கசியத் தொடங்கும்போது நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. அண்ணனின் மூச்சிரைப்பு அதன் தொடக்கம். மருந்து தொடங்கி இரண்டு நாளைக்குள் காய்ச்சல் விட்டது.

சத்தியமங்கலத்திலிருந்து, செவிலியராகப் பணிபுரியும் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஈரமான மடிப்புகளில் கறுத்த பொருக்கு எப்போதும் இருப்பதில்லை. பொருக்கு உதிர்ந்து வெளிறிய ஆழமற்ற புண்ணாகத் தெரியும், அதைச் சேற்றுப்புண் என்று கடந்துவிடுவார்கள். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெண்களிடம் நான் பார்த்தவை பெரும்பாலும் பாவாடை நாடா இறுகும் இடுப்பிலும் மார்பின் அடியிலும் இருந்தன. உடை இறுகும் இடத்தில் புழு தங்கிவிடுகிறது. "ஏனுங்க, காச்சலுக்கு எதுக்குங்க துணிய அவுக்கோணும்?" என்று கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அதன் சுற்றுவட்டாரத்தில் இன்னும் கவனமாகத் தேடுவேன்.

ஐஜிஎம் எலிசா என்னும் இரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசினைத்தான் விரும்பித் தருகிறார்கள். நிலைமை கடுமையானவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஏற்றுவது, ஒன்றை மட்டும் தருவதைவிட மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் பகுதியில் ஐப்பசி முதல் மாசி வரை, காரணம் புரியாத காய்ச்சலோடு யார் வந்தாலும் முதலில் தோலைத்தான் பார்க்கிறேன்.

மீண்டும் திருச்செங்கோட்டு உறுப்பினர்:

ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். கார்ப், கில்லியம், கேட்டோ என்று இந்தக் கிருமியில் பல வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிராக உண்டான காப்பு மற்றொன்றுக்கு நெடுநாள் நிற்பதில்லை. தடுப்பூசி செய்யும் முயற்சிகள் வெற்றி பெறாததற்கும் இது ஒரு காரணம். எனவே அண்ணனுக்கும் விலக்கு இல்லை. இப்போது பாயிண்டில் இறங்கியதும் புல்லை வெட்டிய இடத்தில்தான் கட்டிலைப் போடுகிறோம். வேலியில் துணி காயப்போட விடுவதில்லை. வேலை முடிந்ததும் தேய்த்துக் குளித்து, கழற்றிய உடையை வெந்நீரில் முக்குகிறோம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அக்குளைக் காட்டச் சொல்வது கேலியாக இருக்கிறது. அண்ணன் தன் தழும்பைக் காட்டியதும் காட்டிவிடுகிறார்கள்.