பழைய பதிவேட்டில் உங்கள் வீட்டார் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆற்றங்கரை:
பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடி அம்மாவின் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். பிறப்பில் இல்லை. எழுத்தர் என்ன நினைத்தாரோ, இறப்புப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இறப்புல இருக்காங்களேம்மா" என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். பாட்டியின் பெயர், அவருடைய அப்பா பெயர், அதே தெரு. வயது மூன்று, காரணம் பேதி. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அந்தக் குழந்தையின் அப்பாவின் கைநாட்டு. என் பாட்டி எண்பதைத் தாண்டி வாழ்ந்தவர். அப்படியென்றால் முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்திருக்கிறாள், அவள் பெயரையே பாட்டிக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

வடக்குத்தெரு:
அம்மாவிடம் சொல்லும் முன் இன்னொரு தடவை பாருங்கள். அக்காதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஒரே தாத்தாவின் பெயரைப் பங்காளி வீடுகளில் இரண்டு மூன்று பேருக்கு வைத்திருப்பார்கள், குலசாமி பெயரும் அப்படித்தான். அந்தக் குழந்தை பாட்டியின் சித்தப்பா மகளாகவும் இருக்கலாம். என் தாத்தாவின் பதிவு கிடைத்தபோது பெயர்க் கட்டம் காலி, 'ஆண்' என்று மட்டும் இருந்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் பிறப்புப் பதிவு தேடுகிற எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் ஊரில் தேடி இல்லை என்று திரும்பி வராதீர்கள். தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான் நடக்கும், அதனால் பதிவு தாய்மாமன் ஊரில் இருக்கலாம். குழந்தை பெயரைச் சொல்லித் தேடாமல் அப்பா, அம்மா பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள், பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை நம்பி ஒரே வருடத்தைக் கொடுக்காதீர்கள். ஜூனில் சேர்ப்பதற்கு வசதியாக வாத்தியார் போட்ட தேதி பலருக்கும் உண்டு. முன்னும் பின்னும் மூன்று வருடம் சேர்த்துக் கேளுங்கள்.

புஞ்சைக்காடு:
எல்லோரும் பிறப்பு இறப்பிலேயே நிற்கிறீர்கள், குடும்பக் கதை இருப்பது பத்திரத்தில். எங்கள் வீட்டில் பெரிய தாத்தா ஒருவரை 'ஓடிப்போனவர்' என்றுதான் சொல்வார்கள். பூட்டியார் எழுதிக்கொடுத்த 1938 கிரையப் பத்திரத்தின் நகல் வாங்கினேன். புஞ்சையை விற்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறது: 'என் மகன் ரங்கோன் போகும் செலவுக்காக'. நிலத்தை விற்றுக் கப்பல் ஏற்றிய தாய்! கீழே அந்தம்மாவின் ரேகை. நாலு வருடத்தில் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. ஓடிப்போனவர் என்ற சொல்லை யார் ஆரம்பித்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

கணினி வில்லங்கச் சான்றில் மிகப் பழைய பத்திரங்கள் வராமல் போகலாம், அப்படிப்பட்டதற்குக் கையால் தேட மனு கொடுக்க வேண்டும். நிலம், வீட்டுப் பத்திரங்கள் பதிந்திருக்கும் ஒன்றாம் புத்தகத்துக்குப் பெயர் வாரியாக ஒரு அட்டவணை இருக்கிறது, சர்வே நம்பர் தெரியாவிட்டாலும் அதில் பிடிக்கலாம். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் இறந்துவிட்டால் உயில் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், 1908 பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. தர முடியாது என்றால் 57ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

காரைக்கால் பேரன்:
எங்கள் பக்கம் பிரெஞ்சுப் பதிவேடுகள். பிரான்சில் எக்ஸான் புரோவான்ஸ் நகரில் உள்ள காப்பகம் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. பூட்டனாரின் திருமணப் பதிவு முழுக்கப் பிரெஞ்சு, எனக்கு ஒரு வரி புரியவில்லை, அடியில் மட்டும் அவர் தமிழில் கையெழுத்து. அந்த எழுத்தில் என் அப்பாவின் கை அப்படியே இருந்தது, 'ச' வளைவதுகூட.

வடக்குத்தெரு:
புஞ்சைக்காடு, பெயர் அட்டவணை நல்ல யோசனைதான், ஆனால் பழைய பத்திரங்களில் பெண்கள் பலர் 'இன்னார் பாரியாள்', அதாவது இன்னார் மனைவி என்றுதான் வருவார்கள். வரிக் கணக்கில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால் 590 கூட்டுங்கள், 1347 என்றால் 1937 ஜூலை முதல் 1938 ஜூன் வரை.

ஆற்றங்கரை:
சித்தப்பா மகள் இல்லை. பாட்டியின் அப்பா ஒரே பிள்ளை.